46 வயதில் தோட்டத்து ஒபிசை விட்டு நன்கொடையாளர் ஆய்வு வேலைக்குப் போகலாமா?

செக்ரோல்காரன் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஒபிசில் 21 வருசமாக நான் கிளாக்கர். செக்ரோல் (தொழிலாளரின் பெயர்வாரி வேலைநாள் பதிவேடு), சம்பளப் பட்டியல், கொழுந்துக் கணக்கு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) படிவம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். இந்த 21 வருசத்தில் துரைமார் (தோட்ட மனேஜர்மார்) 7 பேர் மாறிவிட்டார்கள். என் மேசை மட்டும் அதே ஜன்னலோரத்தில் கிடக்கிறது.

போன மாசம் ஹட்டனில் தெரிந்தவர் ஒருவரைச் சந்தித்தேன். தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். "எங்களுக்குக் காசு தரக்கூடியவர்கள் யார், எவர் என்று தேடி விபரம் எடுத்துத் தர ஒரு ஆள் வேணும், வாறீங்களா?" என்று கேட்டார். டோனர் ரிசர்ச் என்று பெயராம். காசு கேட்கப் போகிற வேலை இல்லை, கேட்கப் போகிறவர் கையில் விபரத்தைக் கொடுத்து அனுப்புகிற வேலையாம். உலகத்தில் இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆசை வந்துவிட்டது. பயமும் கூடவே வந்தது. இந்த வேலையை விட்டால் தோட்டம் தந்த கோட்டர்சையும் விட வேண்டும். மூத்த மகள் அடுத்த வருசம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். என் இங்கிலீஷ் ஒபிஸ் இங்கிலீஷ். "பிளீஸ் பைண்ட் எனக்ளோஸ்ட்" தாண்டினால் மூச்சு வாங்கும்.

யாராவது இந்த வேலைக்கு நடு வயதில் போயிருக்கிறீர்களா?

மொட்டைமலை (மஸ்கெலியா)

அண்ணே, நம்ம தோட்டத்தில் இந்த வேலையைக் கோயில் கமிட்டித் தலைவர் சம்பளமே வாங்காமல் செய்கிறாரே! யாருடைய மகள் டுபாயிலிருந்து காசு அனுப்புகிறாள், யார் புதுசாக திரீவீலர் எடுத்தான், அவருக்குத் தெரியாத விபரமா? திருவிழா நோட்டீஸ் அடிக்கும் முன்பே யார் தலையில் எந்த உபயம் என்று முடிவாகியிருக்கும். ஒரு டியூப் லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே வராத அளவுக்கு அதில் பேர் எழுதி வைப்பார்களே, அவர்களெல்லாம் உங்கள் கணக்கில் என்ன ரகம்?

பண்டாரவளைப்பிள்ளை (லண்டன்)

மொட்டைமலை சிரிப்பதற்காகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை. நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் 9 வருசமாக இதே வேலை செய்கிறேன். அதற்கு முன் நூலகத்தில் இருந்தேன். எங்கள் அறையில் இருப்பவர்களில் ஒருவர் பத்திரிகையாளராக இருந்தவர், ஒருவர் வங்கியில் இருந்தவர். சின்ன வயதில் இந்த வேலைக்கென்றே படித்து வந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் 46 வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் அண்ணா.

வேலை என்னவென்று கேட்டால், ஒரு ஆளைப் பற்றி மூன்று விஷயம் பார்க்கிறோம். அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், எந்தக் காரியத்தில் அவருக்கு மனசு இருக்கிறது, நமக்கும் அவருக்கும் நடுவில் யார் இருக்கிறார். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலாவதிலேயே விழுந்து கிடப்பார்கள். கொம்பனிப் பதிவு, வீட்டு விலை, பங்கு என்று தேடித் தேடி எழுதுவார்கள். பணக்காரரைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் தேவையில்லை, பேப்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னிரண்டும்தான் கஷ்டம்.

அறக்கட்டளை என்றால் கொஞ்சம் சுலபம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் வருசா வருசம் வரித் திணைக்களத்துக்கு 990-பிஎஃப் என்ற படிவம் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். யாருக்கு, எந்த ஊரில், எதற்காக, எத்தனை டொலர் என்று அதில் வரிவரியாக இருக்கும். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இங்கே பிரித்தானியாவில் தொண்டு நிறுவனங்களுக்கான சரிட்டி கமிஷன் பதிவேடும் கொம்பனிப் பதிவகமான கொம்பனீஸ் ஹவுசும் இலவசம். கிராண்ட்நவ் என்று ஒன்று இருக்கிறது, மானியம் கொடுத்தவர்கள் தாங்களாகவே வெளியிட்ட தரவை அதில் தேடலாம்.

படிவத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். செக்ரோல் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

ராகலை மிஸ்

நான் டீச்சராக இருந்து 41 வயதில் மாறியவள். இங்கே, இலங்கையிலேயே. அதனால் லண்டன் தங்கச்சி சொல்லாத பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலாவது, இந்த வேலைக்கென்று தனி ஆள் வைக்கிற நிறுவனம் நம் பக்கத்தில் மிகக் குறைவு. "ரிசர்ச்" என்று கூப்பிடுவார்கள். போனால் திட்ட முன்மொழிவும் நீங்கள்தான் எழுத வேண்டும், வருடாந்த அறிக்கைக்குப் படமும் நீங்கள்தான் எடுக்க வேண்டும், வெள்ளைக்காரர் வந்தால் நானுஓயா ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிவருவதும் நீங்கள்தான். சேர்வதற்கு முன் வாரத்தில் எத்தனை நாள் தேடல் வேலை, எத்தனை நாள் மற்ற வேலை என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது என்னுடைய கதை. சேர்ந்த முதல் மாசம், கொழும்பில் ஒரு பெரிய வியாபாரியைப் பற்றி 9 பக்கம் எழுதிக் கொடுத்தேன். பங்குச் சந்தையில் பதிவான கொம்பனிகள் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் முதல் 20 பங்குதாரர்களின் பெயரும் பங்கு எண்ணிக்கையும் போடுவார்கள். அதையெல்லாம் தேடி எடுத்து, அன்றைய விலையால் பெருக்கி, தாயே, அட்டவணை போட்டு, வர்ணம் அடித்துக் கொடுத்தேன்! பணிப்பாளர் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சரி மிஸ், இந்த மனுசன் ஏன் நமக்குக் கொடுக்க வேணும்?"

9 பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

ஒரு வருசத்துக்குப் பிறகு அம்மாவோடு பதுளைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனேன். மண்டபத் தூணில் உபயக் கல். அதே வியாபாரியின் தகப்பனார் பெயர், ஊரோடு. அம்மா கல்லைப் பார்த்துவிட்டு, "அவங்க கடைதானே டவுனில் இருந்துச்சு, நம்ம அப்பாயி அங்கதான் பற்று வச்சிருந்தாங்க" என்றார். தோட்டத்து ஆட்களுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்து வளர்ந்த கடை. மகன் கொழும்புக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டார். அந்த விபரம் எந்தத் தளத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் பங்குக் கணக்கு ஒன்றும் இல்லை, அந்தக் கடையைப் பற்றி இரண்டு வரி இருந்தது. பதில் வந்தது. எவ்வளவு வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடைய விஷயம்.

சும்மாகேட்டேன் (கண்டி)

எனக்கு இந்த முழு விஷயமே பிடிக்கவில்லை. லயத்து வரிசை வீட்டில் மூக்கு ஒழுகுகிற பிள்ளையைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பி அதில் ஒபிஸ் நடத்துகிற ஆட்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இப்போது அது போதாதென்று கொடுக்கிற ஆளின் வீடு, கொம்பனி, பரம்பரை எல்லாம் தோண்டுகிறீர்கள். இதற்குப் பெயர் ஆய்வா, வேவா? 2023இல் நம் ஆட்கள் இலங்கைக்கு வந்து 200 வருசமென்று, மலையகம் 200 என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, கையேந்துகிற கூட்டம் என்ற பெயரை மாற்றத்தானே?

செக்ரோல்காரன்

சும்மாகேட்டேன் தம்பிக்குக் கோபம் நியாயம். அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று. நம் தோட்டத்தில் கோயில் சந்தா செக்ரோலில் பிடிக்கிறோம், சங்கச் சந்தா பிடிக்கிறோம். மலையகத்து ஆட்கள் கொடுத்தே பழகியவர்கள், அதற்கு என் லெட்ஜர்தான் சாட்சி. கேட்பதில் வெட்கமில்லை, எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

வேவு என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. லண்டன் தங்கச்சி சொல்லட்டும்.

பண்டாரவளைப்பிள்ளை

அந்தக் கேள்வியை இங்கே சட்டமே கேட்டது. 2016 டிசம்பரில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு நலத் தொண்டு நிறுவனத்துக்கு 25,000 பவுணும் இதய நோய்க்கான பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேசனுக்கு 18,000 பவுணும் அபராதம் போட்டார். ஆதரவாளர்களின் பட்டியலை அவர்களுக்குத் தெரியாமல் வெளிக் கொம்பனியிடம் கொடுத்து யார் பணக்காரர் என்று தரம் பிரிக்க வைத்தது முக்கியமான குற்றச்சாட்டு. 2017 ஏப்ரலில் இன்னும் 11 நிறுவனங்களுக்கு அபராதம். அந்த மாதங்களில் எங்கள் தொழிலில் இருந்த எல்லோரும் தங்கள் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து வியர்த்தோம்.

பொது ஆவணத்தைப் பார்ப்பது அங்கே பிரச்சினையாகவில்லை. சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் செய்ததுதான் பிரச்சினை. இப்போது எங்கள் தனியுரிமை அறிவிப்பில் "உங்களைப் பற்றிப் பொது மூலங்களில் தேடுவோம்" என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறோம். வேண்டாமென்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்திவிடுவோம். அவர் தன்னைப் பற்றி நாங்கள் வைத்திருக்கும் கோப்பைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அண்ணா சேர்கிற இடத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். "அதென்ன சட்டம்?" என்று திருப்பிக் கேட்டால் முதல் வேலை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு வரி எழுதும்போதும் நான் செய்வது ஒன்றுதான். அந்த மனிதர் என் பின்னால் நின்று திரையை வாசிப்பதாக நினைத்துக்கொள்வேன். கை தானாகவே சில வரிகளை அழித்துவிடும்.

பழைய பெரியகிளாக்கர் (தலவாக்கலை)

தம்பி, எல்லோரும் வேலையைப் பற்றிச் சொல்கிறார்கள், உன் வயிற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் 38 வருசம் ஒபிசில் இருந்தவன், கணக்குச் சொல்கிறேன்.

பணிக்கொடை வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். உனக்கு 21 வருசம், ஆக பத்தரை மாசச் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். 30 நாளில் தருவார்களா என்பதை நீயே அந்த மேசையில் இருந்து பார்த்திருப்பாய், நான் சொல்லத் தேவையில்லை. ஈ.பி.எஃப். முழுதாக எடுக்க ஆம்பிளைக்கு 55 ஆக வேண்டும். அது இல்லையென்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு.

கோட்டர்ஸ்தான் பெரிய அடி. வாடகை இல்லை, தண்ணீர்க் காசு இல்லை, பின்னால் மரக்கறித் தோட்டம், விறகு. ஹட்டனில் வாடகை வீடு எடுத்துப் பார், அப்போதுதான் உன் சம்பளம் உண்மையில் எவ்வளவு என்று தெரியும். புது இடத்தில் ஒப்பந்தம் எத்தனை வருசம்? திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்ததா? உன் ஈ.பி.எஃப்.புக்கு அவர்கள் 12 வீதம், ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்டுகிறார்களா, இல்லை "ஆலோசகர்" என்று பெயர் போட்டு ஒன்றும் கட்டாமல் விடுகிறார்களா? மகளின் பரீட்சை முடியும்வரை கோட்டர்சில் இரு. பின்னேரங்களில் அந்த வேலையைச் செய்து பார்.

மொட்டைமலை

பெரியவர் வந்ததும் இழையே காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் மாதிரி அமைதியாகிவிட்டது பாருங்கள்.

செக்ரோல்காரன்

ஐயா சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி "யார் இந்தப் பெரியவர், கும்பிட வேணும்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். நிறுவனத்தில் நாலு மாதம் பகுதி நேரம் என்று பேசிக்கொண்டேன். தேடல் மட்டும்தான், ஸ்டேசனுக்கு ஆள் கூட்டப் போகமாட்டேன் என்று ராகலை மிஸ் சொன்னபடியே எழுத்தில் வாங்கிவிட்டேன். கோட்டர்சில் சிக்னல் இல்லை. இரவு 7 மணிக்கு மேட்டு லயத்துக்கு மேலே உள்ள தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்ப் பக்கங்களை இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் வாசிக்கிறேன். அட்டைக்கடி தனி.

முதலில் கொடுத்தது ஓர் அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளை. "இவர்கள் ஆசியப் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள், கடிதம் எழுதலாம்" என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொத்து 50 லட்சம் டொலர் அளவு. தனியார் அறக்கட்டளை வருசத்துக்குச் சொத்தில் ஏறத்தாழ 5 வீதம் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அப்படிப் பார்த்தால் இரண்டரை லட்சம் டொலர். எல்லோருக்கும் வாய் ஊறியது.

நாலு வருசப் படிவத்தை இறக்கி, பெயர்களை ஒரு பக்கமும் வருசங்களை மேலேயும் போட்டுச் செக்ரோல் மாதிரியே கோடு போட்டேன். தொண்ணூறு வீதம் அவர்களுடைய சொந்த ஊர்ப் பாடசாலை, ஆஸ்பத்திரி, தேவாலயம். வருசம் மாறினாலும் பெயர் மாறவில்லை. நம் பக்கத்துக்கு வந்ததாகச் சொன்ன காசு ஒரே ஒரு வரி, 5,000 டொலர். அதுவும் நேராக வரவில்லை, அமெரிக்காவிலேயே பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாக. அப்புறம் கடைசிப் பக்கங்களில் ஒரு சின்னக் கட்டம். தாங்களே முன்கூட்டித் தெரிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கிறோம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பதற்கான கட்டம். அதில் குறி போட்டிருந்தது. நாலு வருசமும்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: "இவர்களுக்கு எழுத வேண்டாம். நடுவில் உள்ள நிறுவனம் இலங்கையில் யாருக்குக் கொடுக்கிறது என்று பார்ப்போம்." திட்டுவார்கள் என்று நினைத்தேன். பணிப்பாளர், "மூன்று கிழமை வேலை மிச்சம்" என்றார். 21 வருசத்தில் ஒரு துரையும் என் தாளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

பண்டாரவளைப்பிள்ளை

அந்தக் கட்டத்தை முதல் தடவையே கண்டுபிடித்தீர்களா! எனக்கு ஒரு வருசம் பிடித்தது. அமெரிக்க அறக்கட்டளைகள் வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேராகக் கொடுக்க வேண்டுமென்றால் வரிச் சட்டப்படி கூடுதல் சரிபார்ப்பு செய்ய வேண்டும். சின்னவர்கள் அந்தத் தலையிடியே வேண்டாமென்று நடுவில் ஒருவரை வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போன வழி சரி.

ராகலை மிஸ்

இங்கிலீஷ் எப்படி அண்ணா?

செக்ரோல்காரன்

படிவம் வாசிக்கப் போதும். எழுதுவதைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், நிறுவனத்துப் பிள்ளை ஒருத்தி மாற்றுகிறாள். மெல்ல மெல்ல நானே எழுத வேண்டும்.

எனக்கே ஆச்சரியமான ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு ஆளுக்கு மூன்று பெயர். செக்ரோலில் செல்லாயி, பிறப்புப் பத்திரத்தில் செல்லம்மா, அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக் கூட்டல். ஈ.பி.எஃப். எடுக்கும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மாசக் கணக்கில் அலைவார்கள். தகப்பன் பெயர், இலக்கம், எந்த வருசம் எந்த டிவிசனில் பேர் பதிந்தது என்று நான் ஒட்டிக்கொடுத்த கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். போன கிழமை ஒரு தமிழ்ப் பெயரைத் தேடினேன். மூன்று கொம்பனி அறிக்கையில் மூன்று விதமான இங்கிலீஷ் எழுத்து, முன்னெழுத்துகளும் முன்னே பின்னே. அந்தப் பிள்ளை மூன்று ஆட்கள் என்று பட்டியல் போட்டிருந்தாள். எனக்குப் பார்த்தவுடனேயே சந்தேகம். தகப்பன் பெயர், பாடசாலை, இயக்குநராகச் சேர்ந்த வருசம் எல்லாம் வைத்துப் பார்த்தால் இருவர்தான். ஒரே ஆளுக்கு இரண்டு கடிதம் போயிருந்தால் எவ்வளவு அசிங்கம்!

சும்மாகேட்டேன்

சரி அண்ணா, ஒன்று கேட்கிறேன். எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா?

செக்ரோல்காரன்

உண்டு. பழைய துரை ஒருவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். தோட்டப் பாடசாலைகளில் அவருக்கு உண்மையான அக்கறை. அவரைப் பற்றித் தேடச் சொன்னார்கள். தேட ஒன்றுமில்லை, அவர் துரையாக இருந்த காலத்தில் நான் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தேன். வீட்டில் நடந்த ஒரு பிரச்சினை ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அதைப் போட்டால் அவருக்கு இப்போது கையில் காசு எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம், உண்மைதான். நான் போடவில்லை. பாடசாலைக்குக் கூரைத் தகடு கொடுத்தார், எந்த வருசம், எத்தனை தகடு, அது மட்டும்தான் போட்டேன். கேட்டால் தகட்டுக் கணக்குக்கு வவுச்சர் இருக்கிறது.

பழைய பெரியகிளாக்கர்

பிழைத்துக்கொள்வாய். ஆனால் மகளின் பரீட்சை முடியும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதே.

மொட்டைமலை

அண்ணே, கடைசியாக ஒன்று. எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் இந்த இழையைப் பார்த்துவிட்டார். பத்து வருச வசூல் நோட்டு அவரிடம் இருக்கிறதாம், எக்செலில் ஏற்றித் தருவீங்களா என்று கேட்கிறார். காசு தரமாட்டார், பொங்கல் தருவார்.

செக்ரோல்காரன்

ஏற்றித் தருகிறேன். யார் எவ்வளவு போட்டார், யார் போடவில்லை என்று திருவிழா அன்றைக்கு ஒலிபெருக்கியில் வாசிக்கமாட்டேன் என்று முதலில் அவரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.